சர்க்கரையும் ஆண்மையும்: கேட்கப்படாத ஒரு கேள்வி

"சுகர் இருக்கு, டீயில் சீனி போடாதீங்க" என்று திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நின்று உரக்கச் சொல்ல இன்று யாரும் கூசுவதில்லை. பிரஷர் மாத்திரையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நாலு பேர் முன்னால் போட்டுக்கொள்வதும் சாதாரணம். ஆனால் அதே சர்க்கரையும் அதே ரத்தக் கொதிப்பும் ஆணின் உடலில் செய்யும் இன்னொரு காரியத்தைப் பற்றி அவர் மனைவியிடம் பேசுவதில்லை, மருத்துவரிடமும் பேசுவதில்லை. மருத்துவரும் கேட்பதில்லை. விறைப்புக் குறைபாடு என்ற அந்தத் தொல்லையை ஊரில் "நரம்புத் தளர்ச்சி" என்றும் "ஆண்மைக் குறைவு" என்றும் சொல்லி, சுகரோடு சம்பந்தமில்லாத தனி வியாதியாக ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஒன்றுக்கு அரசு மருத்துவமனை, மற்றொன்றுக்குச் சுவரொட்டியில் இருக்கும் தொலைபேசி எண் என்று ஆகிவிட்டது.

இந்தப் பிரிவினை தவறானது, ஆபத்தானதும்கூட. உடலின் வளர்சிதை மாற்றம் கெடுவதும் விறைப்பு குறைவதும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள். பல ஆண்களுக்குப் பின்னதுதான் முதலில் தெரிகிறது. அதை முன்னறிவிப்பாக எடுத்துக்கொண்டால் சில மாரடைப்புகளையே தடுக்க முடியும். இதுவரை நடந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன, திண்டுக்கல் போன்ற ஒரு நகரமும் அதைச் சுற்றிய சமவெளியும் அவற்றிலிருந்து எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை இங்கே தொகுத்துப் பார்ப்போம்.

எண்கள் சொல்வது

நீரிழிவு வந்தவருக்கு ஆண்மை தளர்வதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவ மேதை இப்னு சீனா குறித்து வைத்தார். அதை எண்ணிக்கையில் காட்டிய ஒரு பெரிய ஆய்வு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1987 முதல் 1989 வரை நடந்து 1994இல் வெளியானது. 40 முதல் 70 வயதுக்குட்பட்ட 1,290 ஆண்களிடம் கேட்டதில், 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் விறைப்புக் குறைபாடு இருந்தது. முழுக் குறைபாடு ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு. நீரிழிவுக்கு மருந்து எடுத்துவந்தவர்களை மட்டும் பார்த்தால் அது 28 சதவீதம். உலகெங்கும் நடந்த 145 ஆய்வுகளை, 88,000க்கும் மேற்பட்ட ஆண்களின் விவரங்களோடு 2017இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். நீரிழிவுள்ள ஆண்களில் சரிபாதிக்கும் மேலானவர்களுக்கு, அதாவது 52.5 சதவீதம் பேருக்கு, இக்குறை இருந்தது. நீரிழிவு இல்லாதவரோடு ஒப்பிட்டால் வாய்ப்பு மூன்றரை மடங்கு.

நம் பக்கத்துக்கு வருவோம். 2015இல் வெளியான, கர்நாடகக் கிராமப்புறத்தில் செய்த ஆய்வு ஒன்று ஆண்களில் ஏறத்தாழ 16 சதவீதம் பேருக்கு விறைப்புக் குறைபாடு இருப்பதாகச் சொன்னது. இது நகரத்து மெத்தை வாழ்க்கையின் நோய் என்ற எண்ணம் அங்கேயே தகர்ந்துவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடந்து 2023இல் வெளியான பெரும் ஆய்வின்படி, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு உள்ளது. இன்னும் 13 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்கு மேல் ரத்தக் கொதிப்பு. தமிழ்நாட்டில் 2020இல் எடுத்த கணக்கெடுப்போ அதைவிடக் கவலை தருவது. நோய் உள்ளவர்களில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர். ரத்தக் கொதிப்பில் அந்த அளவுகூட இல்லை.

இந்த இரண்டு வகை எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தெருவிலும் சுகர் நோயாளிகள், அவர்களிலுள்ள ஆண்களில் பாதிப் பேருக்கு இந்தக் குறை. அப்படியானால் இது யாரோ ஒரு சிலரின் ரகசியமாக இருக்க வாய்ப்பே இல்லை. நம் அண்ணன், மாமா, கூட வேலை பார்ப்பவர் என எல்லோரும் அடங்கிய ஒரு பெருங்கூட்டத்தின் பிரச்சினை.

உள்ளே நடப்பது என்ன

விறைப்பு என்பது முதன்மையாக ரத்த ஓட்டத்தின் வேலை. மூளையிலிருந்து ஆசையின் சமிக்ஞை நரம்பு வழியாக இறங்குகிறது. நரம்பு நுனிகளும் ரத்தக் குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கின்றன. அது குழாயைச் சுற்றியுள்ள மெல்லிய தசைகளைத் தளர்த்துகிறது. ரத்தம் பாய்ந்து நிறைகிறது. நிறைந்த அழுத்தம் வெளியேறும் சிரைகளை நெருக்கி, ரத்தத்தை உள்ளேயே நிறுத்தி வைக்கிறது. இதயமும் ரத்தக் குழாய்களும் இயங்க இந்த எளிய வாயு எவ்வளவு முக்கியம் என்று கண்டறிந்ததற்காகவே ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

நீடித்த சர்க்கரை இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் கெடுக்கிறது. குழாயின் உட்சுவரை அரித்து நைட்ரிக் ஆக்சைடு சுரப்பதைக் குறைக்கிறது. தானியங்கி நரம்புகளைப் பட்டுப்போகச் செய்கிறது. பாதத்தில் எரிச்சலும் மரத்துப்போதலும் வருவதற்கான அதே காரணம்தான் இங்கும். தசைநார்கள் நெகிழ்ச்சியிழந்து, நிரம்பிய ரத்தம் தங்காமல் வழிந்தோடுகிறது. கூடவே ரத்தக் கொதிப்பும் கெட்ட கொழுப்பும் சேர்ந்தால் குழாய் தடித்துக் குறுகுகிறது. வயிற்றுக் கொழுப்பு தன் பங்குக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. இரண்டாம் வகை நீரிழிவுள்ள ஆண்களில் மூவரில் ஒருவருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருப்பதை 2004இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஹார்மோன் குறைந்தால் ஆசை குறையும், தசை கரையும், வயிறு இன்னும் பெருக்கும். ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடும் சுழல் இது.

மனதுக்கும் பங்கு உண்டு. ஒருமுறை தவறினால் அடுத்த முறை பயம் முந்திக்கொள்கிறது. பயம் சுரக்கும் அட்ரினலின் குழாயைச் சுருக்குகிறது. விடியற்காலையில் இயல்பாக விறைப்பு இருந்து, உறவின்போது மட்டும் தவறுகிறது என்றால் மனக் கலக்கத்தின் பங்கு பெரிது. விடியற்காலையிலும் இல்லாமல், சில மாதங்களாகப் படிப்படியாகக் குறைந்து வருகிறது என்றால் உடலைச் சோதித்தாக வேண்டும்.

இதயத்துக்கு முன்னால் வரும் எச்சரிக்கை

இத்தாலிய மருத்துவர் மொன்டோர்சியின் குழுவினர் எழுப்பிய கேள்வி எளிமையானது. ரத்தக் குழாய் அடைப்பு உடல் முழுவதும் நடக்கிறது என்றால், முதலில் எங்கே தெரியும்? ஆணுறுப்புக்குச் செல்லும் குழாயின் உள்விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத்தின் குழாய் 3 முதல் 4. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாய் 5 முதல் 7. ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டைப் பக்கம் சொட்டுநீர் போட்ட விவசாயிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். உப்புத் தண்ணீர் ஓடும் தோட்டத்தில் முதலில் அடைபடுவது டிரிப்பர்தான். மெயின் குழாயில் தண்ணீர் குறையவே இல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

அந்தக் குழு நெஞ்சுவலியோடு வந்து, இதயக் குழாய் அடைப்பு உறுதியான 300 பேரிடம் விசாரித்து 2003இல் முடிவை வெளியிட்டது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு விறைப்புக் குறைபாடு இருந்தது. அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இதயத் தொல்லைக்கு முன்பே அது வந்திருந்தது. சராசரியாக மூன்று ஆண்டுகளுக்கும் மேல் முன்னதாக. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியான ஆய்வும், இக்குறை புதிதாக வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததை உறுதிசெய்தது. வயது எவ்வளவு குறைவோ எச்சரிக்கை அவ்வளவு கனமானது. 70 வயதில் வந்தால் முதுமையும் ஒரு காரணம். 42 வயதில் வந்தால் இதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பிரிட்டனில் மாரடைப்பு அபாயத்தைக் கணிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கீட்டு முறையில் 2017 முதல் விறைப்புக் குறைபாடும் ஒரு காரணியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

மூன்று ஆண்டு என்பது நீண்ட காலம். அதற்குள் சர்க்கரையைக் கட்டுப்படுத்தலாம், புகையை நிறுத்தலாம், கொழுப்புக்கு மாத்திரை தொடங்கலாம். உடல் தரும் அந்தக் கால அவகாசத்தை நாம் லேகிய டப்பாக்களில் செலவழித்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் வேதனை.

மெலிந்தவருக்கும் வரும்

"நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன்" என்பது நம்மவர்களின் முதல் மறுப்பு. புனே மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யட்கின் இருவரும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் இருவரின் படத்தையே போட்டு இதற்குப் பதில் சொன்னார்கள். உயரத்துக்கேற்ற எடை இருவருக்கும் ஒன்றே, உடல் நிறை எண் 22.3. ஆனால் உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். கை கால் மெலிந்து, வயிற்றில் மட்டும் கொழுப்பு சேரும் உடல்வாகு தெற்காசியருக்கு இயல்பு. ஆகவே நம் ஆண்களுக்கு இடுப்பின் அபாய எல்லை 90 சென்டிமீட்டர், ஐரோப்பியரைவிடக் குறைவு. பேன்ட் அளவை நம்ப வேண்டாம். பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி அளக்க வேண்டும். இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100க்கு மேல், ரத்த அழுத்தம் 130/85க்கு மேல், டிரைகிளிசரைடு 150க்கு மேல், நல்ல கொழுப்பு 40க்குக் கீழ் ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் அது வளர்சிதை மாற்றக் கோளாறு.

திண்டுக்கல் சமவெளியின் வாழ்க்கை இந்த ஐந்தையும் வளர்ப்பதற்கு ஏற்றதாக மாறியிருக்கிறது. வானம் பார்த்த பூமியில் சோளமும் கம்பும் தின்று வளர்ந்த தலைமுறைக்குப் பின், மூன்று வேளையும் தீட்டிய அரிசியும் ராத்திரி பரோட்டாவும் வந்தன. இந்தியர் உண்ணும் ஆற்றலில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று 2025இல் வெளியான நாடளாவிய ஆய்வு சொல்கிறது. சீரகச் சம்பா பிரியாணியைக் குறை சொல்லிப் பயனில்லை. அது எப்போதாவது வரும் விருந்து. அன்றாடத் தட்டில் சோறு மலையாகவும் பருப்பும் காயும் ஓரமாகவும் இருப்பதுதான் சிக்கல். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை பக்கத்திலேயே இருந்தும் இந்த நிலை.

வேலையும் மாறிவிட்டது. வேடசந்தூர், வடமதுரைப் பக்கத்து நூற்பாலைகளில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களின் தூக்கமும் சாப்பாடும் தலைகீழாகின்றன. ஷிப்ட் வேலைக்கும் வளர்சிதை மாற்றக் கோளாறுக்கும் உள்ள தொடர்பைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஏர் பிடித்தவர் மகன் இன்று லாரி ஓட்டுகிறார், அல்லது கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்.

புகையிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுருட்டும் மெல்லும் புகையிலையும் திண்டுக்கல்லின் பழைய தொழில். புகையிலைக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் வேடசந்தூரில் அமைக்கப்பட்டது. ஊருக்குச் சோறு போட்ட பயிர்தான். ஆனால் மாசசூசெட்ஸ் ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, புகைத்தவர்களுக்கு மிதமான, முழுமையான விறைப்புக் குறைபாடு வந்த வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. நிகோடின் குழாயைச் சுருக்குகிறது, புகை அதன் உட்சுவரைக் கெடுக்கிறது. சுகர் இருப்பவர் புகைத்தால் இரண்டு சேதமும் ஒரே இடத்தில் சேர்கின்றன. மதுவும் அப்படியே. தொடர்ந்து குடிப்பவரின் நரம்பும் கல்லீரலும் ஹார்மோனும் ஒன்றாகக் கெடுகின்றன. கூச்சம் போகட்டும் என்று குடிப்பவர், உடல் ஒத்துழைக்காமல் போவதற்கும் தானே வழி செய்துகொள்கிறார்.

மாத்திரை மேல் விழும் பழி

"மாத்திரை போட ஆரம்பித்த பிறகுதான் இப்படி ஆச்சு" என்று சொல்லிச் சுகர், பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். இதில் சிறு உண்மை உண்டு. தயாசைடு வகை நீர் மாத்திரைகள், பழைய பீட்டா தடுப்பான்கள், மனச்சோர்வுக்கான சில மருந்துகள் விறைப்பைப் பாதிக்கக்கூடும். ஆனால் அச்சத்தின் பங்கு எவ்வளவு என்பதை இத்தாலியில் செய்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. 96 ஆண்களுக்கு ஒரே மாத்திரையை, அட்டினலாலை, கொடுத்தார்கள். என்ன மாத்திரை என்றே தெரியாதவர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான் விறைப்புக் குறைந்தது. மாத்திரையின் பெயர் மட்டும் தெரிந்தவர்களில் 16 சதவீதம். அது ஆண்மையைப் பாதிக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களில் 31 சதவீதம்.

ஆகவே சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ளலாம். மாற்று வகைகள் தாராளமாக இருக்கின்றன. தானாக நிறுத்துவது மட்டும் கூடாது. கட்டுக்கடங்காத சர்க்கரையும் கொதிப்பும் செய்யும் சேதம் எந்த மாத்திரையும் செய்யாதது.

சட்டம் 1954இலேயே சொன்னது

மௌனம் இருக்கும் இடத்தில் வியாபாரம் புகுந்துவிடும். லாட்ஜ் அறையில் முகாம் போடும் வைத்தியர்கள், நள்ளிரவுத் தொலைக்காட்சி ஆலோசனைகள், கைபேசியில் வரும் மூலிகை விளம்பரங்கள் என்று வடிவம் மாறிக்கொண்டே இருக்கிறது. இளமைப் பழக்கத்தைச் சொல்லிப் பயமுறுத்துவது, உடனடி உத்தரவாதம் தருவது, ஆயிரக்கணக்கில் பிடுங்குவது என்ற முறை மட்டும் மாறவில்லை. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் 1954இல் வந்தது. எந்தெந்த நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்ற அதன் பட்டியலில் ஆண்மைக் குறைவும் இருக்கிறது, நீரிழிவும் இருக்கிறது. ரத்த அழுத்தமும் உடல் பருமனும் இதய நோயும் அதே பட்டியலில்தான். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் இருந்தும் சுவர்கள் நிறைந்தே இருக்கின்றன.

பணம் போவது சிறிய நஷ்டம். மூலிகை என்று விற்கப்படும் பல பொடிகளிலும் மாத்திரைகளிலும் சில்டெனாஃபில் என்ற அலோபதி மருந்து ரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைப்பவர் அறியாமல் இதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து உயிரே போகலாம். இதைவிடப் பெரிய நஷ்டம், உள்ளே வளரும் நோய் சோதிக்கப்படாமலே போவது.

மீண்டு வரும் வழிகள்

நல்ல செய்தி நிறையவே இருக்கிறது. 2004இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், நீரிழிவு இல்லாத, ஆனால் பருமனும் விறைப்புக் குறைபாடும் உள்ள 110 ஆண்களை இரண்டாகப் பிரித்தார்கள். 55 பேருக்கு உணவிலும் உடற்பயிற்சியிலும் விரிவான பயிற்சி தந்து, எடையில் பத்தில் ஒரு பங்கையாவது குறைக்கச் சொன்னார்கள். மற்ற 55 பேருக்குப் பொதுவான அறிவுரை மட்டும். இரண்டு ஆண்டு முடிவில் முதல் குழுவில் 17 பேர் இயல்பு நிலைக்குத் திரும்பினர். மற்றதில் 3 பேர். மருந்தே இல்லாமல் கிடைத்த பலன் இது. வேறு பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த கட்டுரை அளவையும் சொன்னது: மூச்சு வாங்கும் வேகத்தில் 40 நிமிடம், வாரத்துக்கு நான்கு நாள், ஆறு மாதம். மலைக்கோட்டையைச் சுற்றி வேகமாக நடப்பவருக்கு இது எட்டாத இலக்கு இல்லை.

நீரிழிவு வராமல் தடுக்கவும் இதே வழிதான். சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நடையும் உணவுக் கட்டுப்பாடும் நீரிழிவு வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. நீரிழிவு முற்றியபின் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதால் இழந்தது எல்லாம் திரும்பிவிடும் என்று சொல்ல முடியாது. பட்டுப்போன நரம்பு எளிதில் துளிர்க்காது. முந்திக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

மருந்து தேவைப்பட்டால் அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. நெஞ்சுவலிக்காகச் சோதிக்கப்பட்ட சில்டெனாஃபில் 1998இல் இக்குறைக்கான மருந்தாக ஒப்புதல் பெற்றது. நீரிழிவுள்ள 268 ஆண்களிடம் செய்து 1999இல் வெளியான சோதனையில் இம்மருந்தைச் சாப்பிட்டவர்களில் 56 சதவீதம் பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 10 சதவீதம் பேருக்கே. இதய நிலையைப் பார்த்து மருத்துவர் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலானோருக்கு இது பாதுகாப்பானது. டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ரத்தப் பரிசோதனையில் குறை உறுதியானவருக்கு மட்டுமே தர வேண்டும். இவற்றில் பலன் இல்லாதவருக்கு வெற்றிடக் கருவி, ஊசி, அறுவை சிகிச்சை என்று அடுத்த படிகளும் உள்ளன.

மனைவியை விட்டுவிட்டு இந்தச் சிகிச்சை இல்லை. காரணம் தெரியாத மனைவி, கணவனுக்குத் தன் மேல் பிரியம் போய்விட்டது என்றோ வேறு தொடர்பு என்றோ நினைத்துத் தனியே அழுகிறார். குழந்தை தாமதமானால் கோயில் கோயிலாக ஏறுவதும் பேச்சு வாங்குவதும் அவர்தான். கணவனின் சுகர்தான் காரணம் என்று ஒரு மருத்துவர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னால் அந்த வீட்டின் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

இந்த மண்ணில் பேசிப் பார்த்தது

இதையெல்லாம் கிராமத்தில் பேச முடியுமா என்று கேட்பவர்களுக்குத் திண்டுக்கல்லிடமே பதில் இருக்கிறது. மருத்துவரான சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம், 1959 முதல் ஆத்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் குடும்ப நல முன்னோடித் திட்டத்தை நடத்தியது. கருத்தடை பற்றி வீட்டுக்குள்ளேயே பேசக் கூசிய காலத்தில் ஊழியர்கள் வீடுவீடாகப் போய்ப் பேசினார்கள். ஊர்த் தலைவர்களைக் கூட்டிப் பேசினார்கள். ஆண்களிடம் ஆண்கள் பேசினார்கள். பிறப்பு விகிதம் குறைந்ததைப் பார்த்து வெளியிலிருந்து பலர் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். மரியாதையாகக் கேட்டால் நம் மக்கள் பதில் சொல்வார்கள் என்பது இங்கே நிரூபிக்கப்பட்ட உண்மை.

இன்று அதற்கான கட்டமைப்பு அன்றைவிடப் பெரிது. 2022 ஜனவரியில் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. குறைவது அந்தக் கேள்வி மட்டும்தான். இரண்டாம் வகை நீரிழிவுள்ள ஆண்களுக்கு ஆண்டுக்கொரு முறை இதைப் பற்றிப் பேச வாய்ப்புத் தர வேண்டும் என்று பிரிட்டனின் வழிகாட்டு நெறி சொல்கிறது. இங்கும் அதைச் செய்யலாம். வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர்களிடம் இந்தப் பொறுப்பைச் சுமத்த வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றாநோய் அட்டையில் ஒரு வரியைச் சேர்த்து, மருத்துவர் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டால் போதும். ஐந்தே கேள்விகள் கொண்ட, உலகெங்கும் பயன்படும் மதிப்பீட்டுத் தாளை எளிய தமிழில் தரலாம். மருத்துவக் கல்லூரியில் வாரம் ஒரு மாலை ஆண்களுக்கான புறநோயாளர் பிரிவு நடத்தலாம். ஆலை ஷிப்ட் முடிந்து வருபவருக்கும் அது உதவும். மறுபக்கம், இக்குறையோடு வரும் ஒவ்வொருவருக்கும் சர்க்கரை, அதன் மூன்று மாதச் சராசரி, ரத்த அழுத்தம், கொழுப்பு, இடுப்பளவு ஐந்தையும் பார்க்காமல் மருந்துச் சீட்டு எழுதக் கூடாது என்பது விதியாக வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த முறை சுகர் மாத்திரை வாங்கப் போகும்போது, "இதனால் எனக்கு வேறு தொல்லையும் இருக்கிறது ஐயா, தனியாகப் பேசணும்" என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். இதுவரை சோதித்துக்கொள்ளாதவர் என்றால், லேகியம் வாங்க எடுத்துவைத்த பணத்தில் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தாம்பத்தியத்துக்காகத் தொடங்கும் அந்தப் பேச்சு, பல வீடுகளில் உயிரையும் காப்பாற்றும்.